புஷ்பம் அக்கா எழுதிய கடைசி வரி

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சர்ச்சுக்குப் போய்விட்டு வந்து, சாப்பிட்ட தட்டைக்கூடக் கழுவாமல் உட்கார்ந்திருந்தேன். கதவைத் தட்டாமல் உள்ளே வந்த புஷ்பம் அக்கா, கைப்பையிலிருந்து நாலு தாள்களை எடுத்து மேஜை மேல் வைத்தார். 

முதல் தாளின் மேல் ஓரத்தில் சிவப்பு மையில் ஒரே ஒரு ஆங்கிலச் சொல். ‘காப்பி’, அதாவது பார்த்து எழுதியது. அதன் கீழே இரண்டு கோடு. ஒரு கோடு போட்டிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

அவருடைய வெள்ளைச் சேலையில் ஆஸ்பத்திரி டெட்டால் வாசனை இருந்தது. காலை டியூட்டி முடிந்து நேராக இங்கேதான் வந்திருக்கிறார். சாப்பிட்டாரா என்று கேட்டேன்.  இரண்டாவது தாளைத் திருப்பிக் காட்டினார். கட்டுரையின் ஒவ்வொரு பத்தியும் எங்கிருந்து வந்தது என்று மூலம் எழுதி, சனிக்கிழமை நேரில் வந்து விளக்க வேண்டும். தவறினால் படிப்பிலிருந்து பெயர் நீக்கப்படும் என்று அவருடைய ஆங்கில வகுப்பு மேடம் எழுதியிருந்தார்.

ஆறு நாள் இருந்தது.

என்னைவிடப் பெரிய மாணவி

இந்தத் தொடரில் இதுவரை என் டியூஷன் பிள்ளைகளைப் பற்றித்தான் அளந்துகொண்டிருந்தேன். புனே பக்கத்தில் பிம்ப்ரியில் ஒரு கம்பெனியில் ஸ்டெனோ வேலை; கட்கியிலிருந்து லோக்கல் ட்ரெயினில் போய்வருவது; சாயங்காலமும் ஞாயிறும் வீட்டில் இங்கிலீஷ் டியூஷன். தொண்ணூறுகளின் கடைசியில் என் வாழ்க்கை இவ்வளவுதான். வந்தவர்களில் பாதி தோட்டா ஃபேக்டரிக் குடும்பத்துப் பிள்ளைகள், வீட்டில் தமிழும் தெருவில் இந்தியும் பேசுகிறவர்கள்.

புஷ்பம் அக்கா அந்தக் கணக்கில் சேராதவர். முழுப்பெயர் தங்கபுஷ்பம். சொந்த ஊர் பாளையங்கோட்டைப் பக்கம். நகரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் இருபது வருஷத்துக்கு மேல் நர்ஸ். எனக்கு முப்பத்தைந்து, அவருக்கு நாற்பத்து மூன்று. நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னை டீச்சர் என்பார். ஊரே அவரை சிஸ்டர் என்று கூப்பிட்டது.

வேலையில் இருக்கும் நர்ஸுகள் பட்டம் வாங்க ஒரு படிப்பு இருந்தது. அதில் ஆங்கிலமும் ஒரு தாள். வேலையில் இருப்பவர்களுக்கான இடம் ஒருவருக்கு ஒரு தடவைதான் கிடைக்கும். விட்டால் விட்டதுதான். அந்த வயதில் எதற்கு இந்தத் தொல்லை என்று முதல் நாளே கேட்டுவிட்டேன். எனக்கு நாக்கு கொஞ்சம் நீளம்.

“நான் ஊசி போடச் சொல்லிக்குடுத்த பிள்ளைங்க இன்னைக்கு எனக்கு லீவு சாங்ஷன் பண்ணுதாவ, டீச்சர்,” என்றார். “பட்டம் இருக்குல்லா அவியளுக்கு.”

அன்றைக்கே பாடத்தைத் தொடங்கிவிட்டேன்.

கம்பளி போர்த்திய தாய்

சிவப்பு மைக்கு முன்னால் நடந்த ஒன்றைச் சொன்னால்தான் புஷ்பம் அக்கா எப்படிப்பட்டவர் என்று விளங்கும்.

ஆங்கிலத் தாளில் ஒரு பத்தி கொடுத்து, அதைப் படித்துக் கேள்விகளுக்கு விடை எழுதச் சொல்வார்கள் அல்லவா? ஆங்கிலம் அரைகுறையாகத் தெரிந்தால்கூட இதில் மார்க் வாங்கிவிடலாம். விடை பத்தியிலேயே இருக்கும். கேள்வியில் உள்ள சொல்லைப் பத்தியில் தேடு, அந்த வரியை எழுது, முடிந்தது. என் பிள்ளைகள் எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு செய்வார்கள்.

புஷ்பம் அக்காவுக்கு வகுப்பில் வந்த பத்தி, மழைநாளில் காய்ச்சலில் கிடக்கும் ஒரு குழந்தையைப் பற்றியது. தாய் கம்பளியைப் போர்த்துகிறாள், சன்னலை எல்லாம் அடைக்கிறாள், விடிய விடிய பக்கத்தில் இருக்கிறாள். கேள்வி: தாய் குழந்தையை எப்படிக் காப்பாற்றினாள்?

அக்கா எழுதிய விடை: காப்பாற்றவில்லை. ஈரத்துணியால் உடம்பைத் துடைத்திருக்க வேண்டும். சன்னலைத் திறந்திருக்க வேண்டும். குழந்தை பிழைத்தது அதன் அதிர்ஷ்டம்.

ஐந்துக்குப் பூஜ்யம் வாங்கி வந்தார். வாங்கியதற்கு வருத்தமே இல்லை, கோபம்தான். பத்தியில் இருப்பதைத்தானே எழுதச் சொன்னார்கள் என்று நான் கத்த, தப்பை எப்படி எழுதுவது என்று அவர் கத்த, பக்கத்து வீட்டு மராட்டிக்காரம்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

கடைசியில் நான் இறங்கி வந்தேன். சரி அக்கா, அந்தப் பத்தியில் என்னதான் நடந்தது, எனக்குக் கதையாகச் சொல்லுங்கள் என்றேன்.

“கம்பளியப் போத்தி சன்னல அடச்சாளாம். கூறு இருக்கா அவளுக்கு?”

பிடித்துக்கொண்டேன். அடைச்சாள் என்று சொல்லவில்லை, அடைச்சாளாம். அந்த ‘ஆம்’ ஒன்று போதும். நான் பார்க்கவில்லை, நான் ஒத்துக்கொள்ளவும் இல்லை, அவர்கள் சொல்கிறார்கள் என்று அர்த்தம். மராட்டியில் வாக்கியத்தின் கடைசியில் ‘ம்ஹணே’ என்று சேர்க்கிறார்களே, அதே வேலை. இங்கிலீஷ்காரனுக்கு அந்த வசதி இல்லை. அவன் ‘பத்தியின்படி’ என்று முன்னால் போட்டுக்கொள்ள வேண்டும்.

 அக்கா நோட்டை இழுத்து எழுதினார். பத்தியின்படி, தாய் கம்பளி போர்த்தினாள். பத்தியின்படி, சன்னலை அடைத்தாள். ஒவ்வொரு விடையிலும் அந்த வார்த்தை. எழுதும்போது முகத்தில் ஒரு நிம்மதி. பொய் சொல்லாமலே மார்க் வாங்கலாம் என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது.

எனக்கும் பெருமை தாங்கவில்லை. ஒரு மாதத்துக்கு அந்தக் கதையை ட்ரெயினில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

மூன்று பத்திகள்

அப்படிப்பட்டவருக்கா ‘காப்பி’ என்ற பட்டம்?

நோயாளி சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்பது பற்றி ஒரு கட்டுரை எழுதச் சொல்லியிருந்தார்கள். அக்கா மூன்று பத்தி எழுதியிருந்தார். படித்தவுடனே எனக்குப் புரிந்துவிட்டது. போன வாரம்வரை ‘அவன் தூங்க இல்லை’ என்கிற மாதிரி ஆங்கிலம் எழுதிய மனுஷி, திடீரென்று நாலு வரி நீளத்துக்கு வாக்கியம் எழுதி, நடுவில் அரைப்புள்ளியும் வைத்திருந்தார். அரைப்புள்ளிதான் காட்டிக்கொடுத்தது.

முதல் பத்தியும் மூன்றாவது பத்தியும் நர்சிங் பாடப்புத்தகத்திலிருந்து எழுத்துக்கு எழுத்து. ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். திருட்டுத்தனமாகச் செய்திருந்தால் முழித்திருப்பார். இவர் என்னையே ஆச்சரியமாகப் பார்த்தார்.

“டாக்டர் எழுதுனதுல ஒரு எழுத்த மாத்துனா ஆளு செத்துரும். பெரிய புஸ்தகத்துல உள்ளத நான் எப்படி மாத்துவேன்?”

இருபது வருஷமாகச் சார்ட்டில் பார்த்து எழுதியே வாழ்ந்தவர். அங்கே அப்படியே எழுதுவதுதான் யோக்கியம். இங்கே அதற்குப் பெயர் வேறு. சொந்த வார்த்தையில் எழுத வேண்டும், எழுதிய பிறகும் இது இன்னார் சொன்னது என்று பெயர் போட வேண்டும் என்று விளக்கினேன். கம்பளிக்காரி கதையில் ‘பத்தியின்படி’ என்று போட்டீர்களே, அதேதான் இது என்றதும் சட்டென்று பிடித்துக்கொண்டார். அந்த இரண்டு பத்தியையும் அன்று சாயங்காலமே மாற்றி எழுதிவிட்டார். ஆங்கிலம் கொஞ்சம் நொண்டியது. ஆனால் அவருடைய நொண்டல்.

பிறகு நடுப்பத்திக்கு வந்தோம். அழகான பத்தி. அரைப்புள்ளி இருந்தது அதில்தான். இது எந்தப் புத்தகம் அக்கா என்று கேட்டேன்.

“இது ஒங்க நோட்ஸுல்லா டீச்சர்,” என்றார்.

என் நாற்பத்தொரு பக்கம்

இதை எழுத எனக்கு இப்போதும் கை கூசுகிறது.

என்னிடம் ஒரு நோட்ஸ் உண்டு. நாற்பத்தொரு பக்கம். ஆபீஸில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஸ்டென்சில் தாளில் டைப் தட்டி, சைக்ளோஸ்டைல் மிஷினில் சுற்றிப் பிரதி எடுத்தது. நட்பு, நேரம், புத்தகம், பயணம், கேட்பது, பேசுவது என்று எந்தத் தலைப்பு வந்தாலும் ஒரு பத்தி தயார். கட்கியில் ‘ரெஜினா டீச்சர் நோட்ஸ்’ என்றால் தனி மரியாதை. பிம்ப்ரியையும் தாண்டி நிக்டியிலிருந்துகூட ஆள் அனுப்பி வாங்கிப் போவார்கள்.

அதில் ஒரு வரிகூட நான் எழுதியது இல்லை.

அதற்கும் முன்னால் நான் தனியாக பி.ஏ. இங்கிலீஷுக்குப் படித்தேன். இரண்டு தடவை எழுதி இரண்டு தடவையும் தவறினேன். அந்த வருஷங்களில் கேம்ப் பக்கம் ஒரு லைப்ரரியில் போய் உட்கார்ந்து, பிடித்த பத்தியை எல்லாம் ஷார்ட்ஹேண்டில் எடுத்துக்கொள்வேன். கை அவ்வளவு வேகம். புத்தகத்தின் பெயரையோ எழுதியவர் பெயரையோ குறிக்கவே இல்லை. ஸ்டெனோவின் புத்தி அது. யாரோ சொல்வார்கள், நாம் எடுப்போம், தட்டுவோம். ஆனால் ஆபீஸ் கடிதத்தின் அடியில்கூட, சொன்னவர் இன்னார், தட்டியவர் இன்னார் என்று இரண்டு பேருடைய இனிஷியலையும் போடுவோம். அதை ஒரு நாளும் மறந்ததில்லை. என் நோட்ஸில் மட்டும் மறந்துபோனேன். மறந்தேன் என்று சொல்வதுகூடப் பொய்தான். பிள்ளைகள் ‘டீச்சர் எவ்வளவு நல்லா எழுதுறாங்க’ என்று சொன்னபோது நான் மறுக்கவில்லை.

அக்காவிடம், அந்தப் பத்தி நான் எழுதியது இல்லை, எங்கிருந்தோ எடுத்தது என்றேன். எங்கிருந்து என்றார். தெரியவில்லை என்றேன்.

அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “தேடுவோம்,” என்று மட்டும் சொன்னார்.

மூன்று சாயங்காலம்

திங்கள், செவ்வாய், புதன். ஆபீஸில் அரைநாள் லீவு போட்டுவிட்டு லைப்ரரிக்குப் போனேன். அக்கா டியூட்டி முடிந்து பஸ் பிடித்து வந்துவிடுவார். நான் உட்கார்ந்து படித்த பழைய அலமாரிகள் இடம் மாறியிருந்தன. சில புத்தகங்கள் தகரப் பெட்டிக்குள் போய்விட்டன. லைப்ரரியன் நல்ல மனுஷர், பெட்டியையும் திறந்துவிட்டார். தூசியில் எனக்குத் தும்மல் நிற்கவில்லை. அக்கா தன் பையிலிருந்து மாஸ்க் ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

வெள்ளை ஷூவோடு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, புத்தகத்தின் பின்னால் இருக்கும் சொல்லடைவில் ‘கேட்டல்’ என்ற சொல்லை விரலால் தேடுவார். அந்தப் பக்கத்துக்குப் போவார், நாலு வரி படிப்பார், தலையை ஆட்டுவார், அடுத்த புத்தகம். ஒரு வருஷத்தில் நான் படிக்க வைக்காத ஆங்கிலத்தை அந்த மூன்று நாளில் படித்திருப்பார். என் நோட்ஸின் வேறு இரண்டு பத்திகள் எங்கிருந்து வந்தன என்று அவர்தான் கண்டுபிடித்தார். தேடிய பத்தி மட்டும் கிடைக்கவில்லை.

புதன்கிழமை லைப்ரரி வாசலில் வடாபாவ் வாங்கித் தின்றபடி, நான் ஒரு யோசனை சொன்னேன். எந்த டீச்சரும் சொல்லக்கூடாத யோசனை. இவ்வளவு புத்தகம் பார்த்தோமே, அதில் ஒன்றின் பெயரைப் போட்டுவிடலாம், யார் திறந்து பார்க்கப்போகிறார்கள் என்றேன். அவருடைய இருபது வருஷத்துக்கும் சேர்த்து ஒரே வாய்ப்பு என்று பயந்துதான் சொன்னேன். என் மானமும் தப்பிக்குமே என்ற ஆசையும் இருந்தது. இரண்டில் எது பெரிது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அக்கா கையிலிருந்த மீதி வடாபாவைத் தாளில் மடித்து வைத்தார்.

“இல்லாத டாக்டர் பேருல ஆர்டர் எழுதச் சொல்லுதியளா?”

அப்படியானால் அந்தப் பத்தியை எடுத்துவிடுங்கள் என்றேன். மேடம் மூன்றுக்கும் மூலம் கேட்டிருக்கிறார், எடுத்தால் ஒளித்த மாதிரி ஆகும் என்றார். பிறகு நிதானமாக, வார்டில் எப்படி என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தார்.

“டாக்டர் போன்ல ஒரு மருந்து சொல்லுதாவன்னு வைங்க. இன்னார் சொன்னாவ, நான் கேட்டேன், இத்தன மணிக்குன்னு எழுதணும். பெறவு அவிய வந்து கையெழுத்துப் போடணும். போடலன்னா அந்த எடம் காலியா கெடக்கும். கெடக்கட்டும். யார் சொன்னாவன்னே நான் எழுதலன்னாத்தான் தப்பு.”

‘தே’ வரிசையில்

வெள்ளிக்கிழமை மூலங்களின் பட்டியலை எழுத உட்கார்ந்தோம். எழுதியவரின் சர்நேம், அதாவது குடும்பப் பெயர், முதலில், சொந்தப் பெயர் பிறகு, அகர வரிசையில் என்பது விதி. இந்தச் சர்நேம் என்பது புனேயில் தமிழர்களுக்கு ஒரு தலைவலி. எந்தக் கவுன்டரிலும் முதலில் கேட்பது அதைத்தான். இல்லை என்றால் நம்பமாட்டார்கள், எதையோ மறைக்கிறோம் என்று பார்ப்பார்கள். என் அப்பா, ஃபேக்டரியில் தோட்டா எண்ணிக்கொண்டிருந்தவர், என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது கிளார்க் விடவில்லை. தன் பெயரையே எனக்குச் சர்நேமாகக் கொடுத்துவிட்டு வந்தார்.

அக்கா என் சர்நேமைக் கேட்டுக்கொண்டு எழுதினார். பாடப்புத்தகக்காரர்கள் பெயருக்கு மேலே, பட்டியலில் இப்படி ஒரு வரி.

தேவசகாயம், ரெஜினா. தட்டச்சு நோட்ஸ், கட்கி. இரண்டாம் பத்தி இதிலிருந்து எடுத்தது. இவர் இதை வேறு எங்கிருந்தோ எடுத்திருக்கிறார். எங்கிருந்து என்று இவருக்குத் தெரியவில்லை. மூன்று நாள் தேடினோம்.

அகர வரிசைப்படி அது மேலேதான் வர வேண்டும். கடைசியில் போட்டுவிடுங்கள் அக்கா, கண்ணில் படாமல் இருக்கும் என்று கெஞ்சினேன். வேறு எதற்கும் மசியாதவர், இதற்கு மட்டும் இரங்கி, வேறு தாளில் பட்டியலை மறுபடி எழுதி என்னைக் கடைசியில் வைத்தார். என் பெயரை எடுத்துவிடச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 

சனிக்கிழமை

கூடப் போனேன். காரிடாரில் ஒரு மரபெஞ்சு, அதில் உட்கார்ந்திருந்தேன். அக்கா உள்ளே போய்க் கால்மணி நேரம் ஆனது. பிறகு பியூன் வெளியே வந்து, தேவசகாயம் யார் என்று கேட்டார். எழுந்தேன்.

மேடம் மராட்டிக்காரர், ஒல்லியானவர், கண்ணாடியைத் தலைமேல் ஏற்றியிருந்தார். கடைசி வரியில் விரலை வைத்துக்கொண்டு, இது நீங்கள்தானா என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஆமாம் என்றேன். எங்கிருந்து எடுத்தீர்கள்? தெரியவில்லை. நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள்? ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன் என்றேன். அந்த அறையில் அந்த வாக்கியம் எவ்வளவு கேவலமாக ஒலித்தது என்பதை நான் மட்டும்தான் கேட்டேன் என்று நினைத்துக்கொள்கிறேன். அவர் சிரிக்கவில்லை.

இதை எழுதச் சொன்னது யார் என்று அக்காவைக் கேட்டார்.

“யாரும் சொல்லல மேடம். வார்ட்ல அப்படித்தான் எழுதுவோம்,” என்று அக்கா தன் இந்தியில் சொன்னார்.

மேடம் முதல் தாளில் ‘காப்பி’ என்ற சொல்லைக் குறுக்கே அடித்தார். கையெழுத்துப் போட்டார். தாளைக் கொடுக்கப் போனவர், மறுபடி தன் பக்கம் இழுத்து, கடைசி வரிக்குப் பக்கத்தில் அதே சிவப்புப் பேனாவால் ஏதோ எழுதினார். வெளியே வந்து பார்த்தோம். ‘மூலம் இல்லை. தேடவும்.’

புஷ்பம் அக்கா தேறிவிட்டார். தவறியது நான்தான். என் கணக்கில் அது மூன்றாவது தடவை.

பஸ் ஸ்டாப்பில் அவருக்குக் கண்ணீர் வந்துவிட்டது. சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டார். எனக்கும் சந்தோஷம்தான், கொஞ்சம் வயிற்றெரிச்சலும்தான். பஸ் வருகிற நேரத்தில் என் பக்கம் திரும்பிக் கேட்டார்.

“ஒங்களுக்குக் கெடு எப்ப, டீச்சர்?”

மறுநாள் ஞாயிறு. டியூஷன் பிள்ளைகள் பன்னிரண்டு பேரும் வந்து பாயில் உட்கார்ந்தார்கள். நோட்ஸை எடுக்கச் சொன்னேன். இது நான் எழுதியது இல்லை என்றேன். இத்தனை நாள் அதைச் சொல்லாமல் இருந்தது தப்பு என்றும் சொன்னேன். ஒவ்வொரு பத்திக்குக் கீழேயும் ஒரு கோடு போடுங்கள், யார் எழுதியது என்று கண்டுபிடிக்கிற வரைக்கும் அந்தக் கோடு காலியாக இருக்கட்டும் என்றேன். நாற்பத்தொரு பக்கத்துக்கும் கோடு போட ஒரு மணி நேரம் ஆனது.  ஸ்கேல் நகரும் சத்தம் மட்டும்.

முன்வரிசையில் இருந்த ஒரு பெண் கையைத் தூக்கினாள். இதெல்லாம் பரீட்சையில் வருமா டீச்சர் என்று கேட்டாள்.

வராது, போடு என்றேன்.